தண்ணீர் வந்தால் போக வழி எங்கே?



காவிரி வருது, காவிரி வருதுன்னு நம்ம பக்கம் டீக்கடைக்கு டீக்கடை பேச்சாக இருக்கிறது. வரட்டும். வர வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் குரல் கொடுத்தவர்கள் விவசாயிகள்தான். 2021 பிப்ரவரி 21-ம் தேதி காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து நம்ம குண்டாறு வரைக்கும் 262 கிலோமீட்டர் கால்வாய். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். மாயனூரிலிருந்து தெற்கு வெள்ளாறு வரை 118 கிலோமீட்டர் முதல் கட்டம். அங்கிருந்து வைகை வரை 109 கிலோமீட்டர் இரண்டாம் கட்டம். வைகையிலிருந்து குண்டாறு வரை 34 கிலோமீட்டர் மூன்றாம் கட்டம். அந்தக் கடைசி 34 கிலோமீட்டர்தான் நமக்கு. பந்தியில் கடைசி இலை நம்முடையது.

அந்தக் கடைசி இலைக்கும் சோறு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குண்டாற்றில் தண்ணீர் விழுந்துவிட்டது. அப்புறம்? ஆற்றிலிருந்து உங்க ஊர்க் கண்மாய்க்கு அந்தத் தண்ணீர் எந்த வழியாக வரும்? உங்க ஊர் வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டச் சொன்னால், எத்தனை பேர் காட்ட முடியும்? காட்டினாலும், முள்ளுக்குள்ளே புகுந்து அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்து போய்வர முடியுமா?

இதுதான் இந்த வெளியீட்டில் நமது சங்கம் உங்கள் முன் வைக்கிற கேள்வி. தண்ணீர் கேட்பது ஒரு போராட்டம். வந்த தண்ணீர் போக வழி வைத்திருப்பது இன்னொரு போராட்டம். முதல் போராட்டத்தை மட்டும் நடத்தி இரண்டாவதை விட்டுவிட்டால், 14,400 கோடியும் நமக்குப் படம் பார்த்த கதைதான்.

கிருதுமால் யாருடைய ஆறு?

இதற்குத் தூரத்து உதாரணம் வேண்டாம். நம்ம கிருதுமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில், துவரிமான் பக்கம் தொடங்குகிற சின்ன ஆறு. மதுரை நகருக்குள் புகுந்து வெளியேறி, சிவகங்கை மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு, திருச்சுழி தாலுகாவில் நரிக்குடி வட்டாரத்துக்கு வருகிறது. கமுதிப் பக்கம் குண்டாற்றோடு சேர்கிறது. குண்டாறு மூக்கையூரில் கடலுக்குப் போகிறது.

பேருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பாகவதத்தில் கிருதமாலா என்று சொல்லப்படுகிற நதி இதுதான் என்கிறார்கள் பெரியவர்கள். மச்ச அவதாரக் கதையில் சத்தியவிரத மன்னன் கையில் சின்ன மீன் வந்து விழுந்தது இந்த ஆற்றங்கரையில்தான். திருச்சுழியில் ஓடுகிற குண்டாற்றுக்கும் கௌண்டின்ய நதி என்று ஒரு பெரிய பேர் உண்டு. புராணத்தில் தண்ணீர் ஓடுகிறது. நம்ம ஊரில் மணலும் முள்ளும்தான் கிடக்கிறது.

அணைக்கட்டு, பெரிய கால்வாய் என்று நமக்கு ஒன்றும் கிடையாது. வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். கொட்டுகிறதைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர்கள் கண்மாய் வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். மறுகால் கீழ்க் கண்மாயை நிறைக்கும். அதன் மறுகால் அடுத்த ஊருக்கு. இப்படி ஊருக்கு ஊர் கைமாற்றிக்கொண்டே போகிற தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் கிருதுமால் மாதிரி ஆறுகளும் ஓடைகளும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருக்கிற அத்தனை ஊரும் அறுந்தது.

ஆற்றை நம்பியிருப்பது நிலம் வைத்திருக்கிறவன் மட்டும் இல்லை. பருத்தியும் மிளகாயும் மல்லியும் குதிரைவாலியும் போடுகிற புஞ்சைக்காரர், கண்மாய்க்குக் கீழே நெல் போடுகிற நஞ்சைக்காரர், குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர், களை எடுத்துக் கதிர் அறுக்கிற பெண்கள், கிடை போட ஆட்டை ஓட்டிவருகிற கீதாரிகள், ஊருணியில் துணி வெளுக்கிறவர்கள், கண்மாய் வற்றும்போது மீன் பிடிக்கிறவர்கள், முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். எல்லாச் சாதியும் எல்லா மதமும் இதில் இருக்கிறது. ஆறு ஒன்று. அதனால் இது எந்த ஒரு ஊருக்கும், எந்த ஒரு சமூகத்துக்கும் தனிப்பட்ட சங்கதி ஆகாது.

சலுகை வேண்டாம், முறை வேண்டும்

சில வருஷங்களில் அரசாங்கம் ஆணை போட்டு வைகை அணையிலிருந்து கிருதுமால் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிறது. விரகனூர் மதகணையிலிருந்து திருப்பி விடுகிறார்கள். 450 மில்லியன் கன அடி என்று பத்திரிகையில் செய்தி வரும். படிக்கும்போது பெரிய எண்ணாகத் தெரியும். அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் 43,560 கன அடி வேண்டும். 450 மில்லியனை இதால் வகுத்தால் சுமார் 10,330 ஏக்கருக்கு ஒரு அடித் தண்ணீர். நெல் விளைய நாலு அடி வேண்டும் என்று வைத்தால் 2,500 ஏக்கர் சொச்சம்தான் தேறும். ஆனால் மழையில் முளைத்து வளர்ந்து, கடைசியில் காயப்போகிற பயிருக்கு அரை அடி உயிர்த்தண்ணீர் என்று கொடுத்தால், இதே தண்ணீர் 20,000 ஏக்கருக்கு மேல் எட்டும். மார்கழியில் ஒரு நனைப்பு இல்லாமல் பொதியில் நின்று காய்ந்த நெல்லையும், பூ எடுத்த நேரத்தில் வாடிய மிளகாயையும் பார்த்தவர்களுக்கு அந்த அரை அடியின் அருமை தெரியும்.

இது காகிதக் கணக்கு. வழியில் மணல் குடிக்கிறது, முள் குடிக்கிறது, நடுவில் மறிப்பு குடிக்கிறது. மிச்சம் இருந்தால்தான் நமக்கு. கடைசிக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று எந்த ஊர் மந்தையிலும் எழுதிப் போடுகிறது கிடையாது. திறந்தது எவ்வளவு என்பதற்குத்தான் செய்தி வரும்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு தடவையும் மனுக் கொடுத்து, காத்துக் கிடந்து, மறியலுக்குத் தேதி குறித்த பிறகு வருகிற தண்ணீர் சலுகை. இன்ன மாசம், அணையில் இன்ன அளவு இருந்தால், இத்தனை நாள், இவ்வளவு தண்ணீர் என்று எழுதி வைத்துத் திறப்பது முறை. பெரியாறு அணைத் தண்ணீர் 1895-ல் வைகைக்கு வந்தது. வைகை அணை 1959-ல் திறந்தது. அணைக்குக் கீழே பாசனம் பெறுகிறவர்களுக்கு விதி இருக்கிறது, முறை இருக்கிறது. கிருதுமால்காரனுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் வாசலில் நிற்கிற நிலைமை? பயிர் காய்ந்த பிறகு மாசியில் வருகிற தண்ணீரை வைத்துக்கொண்டு ஆடு மாடு குடிக்கலாம், விவசாயம் பண்ண முடியாது. நமக்கு வேண்டியது பயிருக்கு ஏற்ற காலத்தில், முன்கூட்டித் தெரிந்த அளவில், எழுதி வைத்த பங்கு.

அதோடு ஒன்று. மதுரை நகருக்குள் கிருதுமால் சாக்கடையாகக் கிடப்பது ஊரறிந்த விஷயம். நகரத்துக் கழிவைச் சுத்திகரிக்காமல் நம்ம ஆற்றில் விடுவதை நாம் ஒத்துக்கொள்ள முடியாது. நல்ல தண்ணீருக்கு மனு, கழிவுத் தண்ணீருக்கு மனுவே வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்?

ஓடை எங்கே போனது?

அரசாங்கத்தைக் கேட்பதைக் கேட்டுவிட்டோம். இனி ஆற்றுக்குள் இறங்கிப் பார்ப்போம்.

முதல் சங்கதி சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்குள் கொண்டுவந்த மரம். வறண்ட பூமிக்கு விறகு, வேலி என்று வந்தது. இன்றைக்கு ஓடை, வரத்துக்கால், கண்மாய் உள்வாய், மடை வாசல் என்று ஒன்று பாக்கியில்லை. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவு போட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நிய மரங்களை அகற்றுவதற்குக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் நடப்பது என்ன? ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் தரைக்கு மேலே இருக்கிற தடியை வெட்டிக்கொண்டு போய்விடுகிறார். தூர் மண்ணுக்குள்ளே கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் ஒன்று பத்தாகக் கிளைத்துவிடுகிறது. வேரோடு பிடுங்கினால்தான் பலன் என்பது ஏலம் விடுகிறவருக்கும் தெரியும், எடுக்கிறவருக்கும் தெரியும். ஏல நிபந்தனையில் அந்த ஒரு வரி மட்டும் வருவதில்லை. அந்த முள்காட்டுக்குள்தான் பகலெல்லாம் காட்டுப்பன்றி படுத்துக் கிடந்து, ராத்திரி நம்ம மக்காச்சோளத்தை அழிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

முள்ளைப் பிடுங்கு என்றால் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவன் என்ன செய்வான்? இது தள்ளிவிடுகிற கேள்வி இல்லை. மழை பொய்த்த வருஷங்களில் திருச்சுழி, கமுதிப் பக்கம் பல வீடுகளில் உலை ஏற்றியது கரிதான். அதனால் சங்கம் சொல்வது இதுதான்: மரத்தோடு நமக்குப் பகை இல்லை, மரம் நிற்கிற இடத்தோடுதான் வழக்கு. பட்டாத் தரிசில் நிற்கட்டும், வெட்டிக் கரியாக்கட்டும். தண்ணீர் ஓடுகிற பாதையில் நிற்க வேண்டாம். பாதையில் நிற்பதை வேரோடு எடுக்கிற வேலையையும், அந்தக் கட்டையையும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் உள்ளூர்க் கரிமூட்டத் தொழிலாளர் குழுக்களுக்கே கொடுங்கள். ஓடையும் திறக்கும், அவர்களுக்கும் கூலியும் கட்டையும் கிடைக்கும். ஏழையை ஏழையோடு மோதவிட்டு நடுவில் ஏலக்காரர் லாபம் பார்க்கிற முறைதான் ஒழிய வேண்டும்.

இரண்டாவது சங்கதி ஆக்கிரமிப்பு. ஓடைக்கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கிற ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுவார். பத்து வருஷத்தில் ஓடை பாதியாகும். எதிர்க்கரைக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் நாலு சால். கடைசியில் நாப்பது அடி ஓடை வரப்பு மாதிரி ஆகிவிடும். வெளியூர்க் கம்பெனி எடுத்தால் ஊரே திரண்டு கேட்கிறது. உள்ளூர்க்காரர், சொந்தக்காரர், சாதிக்காரர் எடுத்தால் "போனாப் போகுது, பாவம்" என்று ஊர் வாயைமூடிக்கொள்கிறது. அவருக்குக் கிடைத்தது கால் ஏக்கர். கீழே இழந்தது ஒரு கண்மாய் ஆயக்கட்டு. இதைச் சொன்னால் மனக்கசப்பு வரும். வந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறும் ஓடையும் அரசாங்கச் சொத்து என்று சொல்கிறது. 2007-ல் கண்மாய், ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்கிறது. ஆனால் அது பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிற நீர்நிலைகளுக்கு உரிய சட்டம். 2021-க்குப் பிறகு அந்த வேலை நீர்வளத்துறை என்று தனியாகிவிட்டது. நம்ம பக்கம் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சின்னக் கண்மாய்கள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கின்றன. கண்மாய் ஒரு துறை, வரத்துக்கால் ஒரு துறை, நிலக்கணக்கு இன்னொரு துறை. ஒருத்தரைக் கேட்டால் இன்னொருத்தரைக் கைகாட்டுவார். 2011 ஜனவரி 28-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களையும் குளங்களையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்குத் திருப்பிக் கொடுக்கத் திட்டம் போடச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தீர்ப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கல் நடத்தான் ஆள் இல்லை.

மூன்றாவது சங்கதி, வேலை செய்கிற விதம். குடிமராமத்து என்பது நம்ம பழைய வழக்கம். ஊர்கூடித் தூர் எடுப்பது, கரை போடுவது. வெள்ளைக்காரன் காலத்தில் 1858-ல் போட்ட சட்டத்திலேயே, வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்று இருந்தது. ஜமீன் காலத்தில் கண்மாய் கவனிப்பில்லாமல் போய், 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அரசாங்கம் ஏற்றுக்கொண்டபோதே பாதிக் கண்மாய் மேடாகக் கிடந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பேரில் புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள். ஆயக்கட்டுதாரர் சங்கம் 10 சதம் பங்கு போட்டு, சங்கமே வேலையைச் செய்யவேண்டும் என்றார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கத்தின் பேரைப் போட்டுவிட்டு வேறு ஆள் வேலையை எடுத்த இடங்களும் உண்டு. கண்மாய்க்குள்ளே குழி தோண்டிக் கரையில் கொட்டிப் போட்டோ எடுத்தார்கள். வரத்துக்கால் பக்கம் மண்வெட்டி போகவில்லை. நூறு நாள் வேலையிலும் பல இடத்தில் இதே கதை. வாய் அடைத்துக்கிடக்கிற பானைக்கு உள்ளே துலக்கி என்ன பிரயோஜனம்?

மேல் ஊரும் கீழ் ஊரும்

நான்காவது சங்கதிதான் முக்கியம். தண்ணீர் வருகிற அன்றைக்கு மேல் ஊர்க்காரர் குறுக்கே மண்மூட்டை போடுகிறார். கீழ் ஊர்க்காரர் ராத்திரியில் போய் உடைக்கிறார். கைகலப்பு, போலீஸ், வழக்கு. அதில் சாதிப் பேச்சும் கலந்துவிட்டால் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகும் பகை தீராது. கோர்ட்டுக்கு அலைகிற காசில் வரத்துக்காலைத் தூரே எடுத்திருக்கலாம்.

முன்பு கண்மாய்க்கு ஒரு நீர்ப்பாய்ச்சி இருந்தார். மடை திறப்பதும் அடைப்பதும், கடைமடை வயலுக்குப் பாய்ந்ததா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. அறுப்பில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊர் அவருக்கு நெல் அளந்தது. பெரும்பாலும் நிலம் இல்லாத, ஊர் மதிக்காத சமூகத்து மனிதர்தான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் பெரிய மிராசும் அவர் சொல்லைக் கேட்டாக வேண்டும். அந்த அளப்பு நின்றது, அந்த வேலையும் நின்றது. இன்றைக்கு யாரிடம் ஆள்பலம் இருக்கிறதோ அவர் கையில் மடைச் சாவி. பழைய சாதி முறை திரும்ப வேண்டாம். ஆனால் எந்தச் சாதியானாலும் சரி, கூலி கொடுத்து ஒரு பொது நீர்ப்பாய்ச்சியை ஊர் நியமிக்கலாமே! அதற்கு என்ன தடை?

ஒரு ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் ஒன்றாக உட்கார முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ராஜஸ்தானில் ஒரு பதில் இருக்கிறது. ஆல்வார் மாவட்டம், நம்மைவிட மழை குறைந்த பூமி. அங்கே அர்வரி என்று ஒரு சின்ன ஆறு. மழை முடிந்தால் வற்றிப் போகிற ஆறு. 1985-லிருந்து தருண் பாரத் சங்கம் என்ற அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராக மண் தடுப்பணை கட்டினார்கள். அதற்கு அங்கே ஜோகட் என்று பேர், நம்ம ஊருணி, கண்மாய் மாதிரிதான். ஊர்க்காரர்களே உழைப்பையும் காசையும் போட்டார்கள். நிலத்தடி நீர் ஏறியது, கிணறு ஊறியது, 1990-களில் ஆறு மறுபடியும் ஓடியது. அந்த வேலைக்காக ராஜேந்திர சிங்குக்கு 2001-ல் மகசேசே விருது கிடைத்தது.

நாம் பார்க்க வேண்டியது விருதை இல்லை, அதற்குப் பிறகு நடந்ததை. தண்ணீர் வந்ததும் அடுத்த சண்டை வரும் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. 1990-களின் கடைசியில் ஆற்றுக்கரையில் இருந்த சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து ஒரு சபை வைத்தன. அர்வரி பாராளுமன்றம் என்றே அதற்குப் பேர். எந்தப் பயிர் அதிகம் தண்ணீர் குடிக்கும், எதற்குக் கட்டுப்பாடு, ஆற்றில் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். படிப்பறிவு நம்மைவிடக் குறைந்த ஊர்கள் அவை. அவர்களால் முடிந்தது கிருதுமால் ஊர்களால் முடியாதா?

கால்வாய்க்காகக் காத்திருக்கலாமா?

"எப்படியும் காவிரி வரும்போது அரசாங்கமே எல்லாத்தையும் வெட்டித் தரும், அதுவரைக்கும் எதற்கு வீண் சண்டை" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு மூன்று பதில்.

ஒன்று, அந்தத் திட்டம் காவிரியில் வெள்ளம் வந்தால் உபரித் தண்ணீரைக் கொண்டுவருகிற திட்டம். உபரி வராத வருஷத்தில் என்ன செய்வது? அப்போதும் நமக்கு மழைத் தண்ணீர்தான் கதி. மழைத் தண்ணீருக்கும் இதே ஓடைதான் வழி.

இரண்டு, பெரிய கால்வாய் கண்மாய் வாசலுக்கு வராது, ஆற்றோடு நின்றுவிடும். அதற்கு அடுத்த ஒவ்வொரு வரத்துக்காலும் ஏற்கெனவே கணக்கில் இருக்கிற நம்ம ஓடைப் புறம்போக்கு. அதை உழவடையாக விட்டுவிட்டால், நாளைக்கு நிலம் எடுப்பு, நஷ்டஈடு, வழக்கு என்று இன்னொரு இருபது வருஷம் ஓடும்.

மூன்று, குண்டாறும் கிருதுமாலும் சேராத ஊர்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசலில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் கால்வாயும் வராது. வைகைத் தண்ணீரும் எட்டாது. அவர்களுக்குத் தங்கள் ஓடை ஒன்றுதான் ஆதாரம். அந்த ஊர்களின் கோரிக்கையும் நம்ம கோரிக்கைதான். பெரிய திட்டத்தின் பேரைச் சொல்லிச் சின்ன ஓடையை மறக்கடிப்பதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

அரசிடம் நமது கோரிக்கைகள்

1. கிருதுமால் பாசனத்துக்கு வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்க நிரந்தர விதி வேண்டும். மாதம், அளவு, நாட்கள் ஆகியவற்றை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

2. திறந்த அளவையும், ஒவ்வொரு மாவட்ட எல்லையிலும் வந்து சேர்ந்த அளவையும் தினமும் பொதுவில் அறிவிக்க வேண்டும்.

3. கிருதுமால், குண்டாறு, அவற்றில் சேரும் ஓடைகள், வரத்துக்கால்கள் அனைத்தையும் வருவாய்த்துறை, நீர்வளத்துறை, ஊராட்சி ஒன்றியம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். 2007-ம் வருஷச் சட்டத்தின் பாதுகாப்பை ஒன்றியக் கண்மாய்களுக்கும் ஓடைகளுக்கும் விரிவாக்க வேண்டும்.

4. நீர்வழியில் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும். அந்த வேலையை உள்ளூர்த் தொழிலாளர் குழுக்களுக்கே தர வேண்டும்.

5. மதுரை நகரத்துக் கழிவு சுத்திகரிக்கப்படாமல் கிருதுமாலில் கலப்பதைத் தடுக்க வேண்டும்.

6. இணைப்புக் கால்வாயின் கடைசிக் கட்டத்தோடு சேர்த்து, குண்டாற்றிலிருந்து கண்மாய்களுக்குப் போகும் வரத்துக்கால்களையும் திட்ட மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

ஊர்களில் நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை அரசாங்கத்துக்கு மட்டும் என்றால் இந்தத் துண்டுப் பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடலாம். நமக்கும் வேலை இருக்கிறது.

முதலில் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குத் தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள். உங்க ஊர் 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று எந்தெந்தச் சர்வே எண் இருக்கிறது என்று குறித்து வாங்குங்கள். அந்த எண்களுக்குப் புலப்படம் கேட்டு மனுப் போடுங்கள். ஓடையின் அகலம் அதில் இருக்கும். தராவிட்டால் 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதித் தருகிறோம்.

அடுத்தது, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரோடு ஒருநாள் ஓடை நெடுக நடங்கள். மேல் ஊர்க்காரரையும் கீழ் ஊர்க்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு நடங்கள். எங்கே மறிப்பு, எங்கே மேடு, எங்கே உழவு, எங்கே முள் என்று எழுதுங்கள். ஆளைப் பெயர் சொல்லிச் சண்டை இழுக்க வேண்டாம். சர்வே எண்ணைச் சொன்னால் போதும். தானாக விட்டுக்கொடுக்கிறவருக்கு ஊர் மரியாதை செய்யட்டும்.

பிறகு கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நாலு நாளாக இருந்தது, 2022-லிருந்து மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு ஆகியிருக்கிறது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராமசபைக்குத் தீர்மானம் போடுகிற அதிகாரம் உண்டு. "எங்கள் ஊர் ஓடையை அளந்து கல் நடவேண்டும்" என்று எழுதி, வாசித்துக் கேட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தால் அது தீர்மானம் ஆகாது. பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறவர்கள் அவர்கள்தான்.

தீர்மான நகலை ஜமாபந்தியில் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்துகிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். ஒரு ஊர் கொடுத்தால் மனு, நாப்பது ஊர் ஒரே நாளில் கொடுத்தால் அது போராட்டம்.

கடைசியாக, கிருதுமால் ஊர்கள் சபை. ஊருக்கு இரண்டு பேர். அதில் ஒருத்தர் பெண், நிலம் இல்லாத தொழிலாளர் பிரதிநிதியும் கட்டாயம். மதுரை எல்லையிலிருந்து கமுதி வரைக்கும் மாவட்ட வேற்றுமை பார்க்காமல் உட்கார்ந்து, தண்ணீர் வருகிற அன்றைக்கு எந்த ஊருக்கு எந்த நாள் முறை என்று முன்கூட்டியே எழுதிவைப்போம். அதிகாரி வந்து பங்கு வைத்தால் அது அவர் இருக்கிற வரைக்கும். ஊர்கள் கூடி வைத்த பங்கு நம்ம பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

விவசாயப் பெருமக்களே! வானம் பார்த்த பூமி என்று நம்ம பூமிக்குப் பேர் வைத்துவிட்டார்கள். வானத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் மழை பெய்து இறங்கிய தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று காலுக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். புஞ்சையை விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பிள்ளைகள் திரும்பி வரவேண்டும் என்றால், வந்தால் நிற்கிறதற்கு ஈரமான நிலம் வேண்டும். அந்த ஈரம் ஓடை வழியாகத்தான் வரவேண்டும். காவிரிக் கால்வாய் வருகிற அன்றைக்கு நம்ம ஓடை திறந்து கிடக்க வேண்டும். வராவிட்டாலும் திறந்து கிடக்க வேண்டும்.

ஓடையை அளப்போம்! எல்லைக்கல் நடுவோம்!
முள்ளை வேரோடு எடுப்போம்! தொழிலாளிக்கு வேலை கொடுப்போம்!
கிருதுமால் தண்ணீர் சலுகை அல்ல, எங்கள் உரிமை!
மேல் ஊர், கீழ் ஊர் ஒன்றுபடுவோம்! கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கத்துக்காக